2024 ஃபேவரிட் கேம்ஸ், அடுத்து என்ன ஆடலாம் மக்களே?

இந்த வருஷம் ஆடுனதுல ஃபர்ஸ்ட் பாலாட்ரோங்கற போக்கர் சீட்டு கேம்தான், அதுல பேச்சே இல்ல, ஸ்கோர ஏத்துற நல்ல ஜோக்கர் கார்டா நாலு சேந்து ஒரே கையில பிளைண்ட (அந்த ரவுண்டோட டார்கெட் ஸ்கோர) தாண்டிட்டா ஸ்கோர்ல தீ பத்திக்கும் பாருங்க, அதுக்காகவே விடிய விடிய ஒக்காரலாம். ஆஸ்ட்ரோ பாட்டும் சூப்பர். ஆனா மனசுல நிக்கிறது என்னவோ பிரின்ஸ் ஆஃப் பெர்சியா தி லாஸ்ட் க்ரவுன்தான், போக முடியாத எடம் வந்தா அங்கயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மேப்ல ஒட்டி வச்சிக்கலாம், பவர் கெடச்சதும் நேரா அங்க போயிடலாம், இத ஏன் எல்லாரும் காப்பி அடிக்க மாட்டேங்கறாங்க?

இதே மாதிரி மேப் வசதியோட வேற மெட்ராய்ட்வேனியா (பவர் கெடைக்க கெடைக்க மேப்ல புது எடம் தொறக்குற கேம்) தெரிஞ்சா சொல்லுங்க ப்ளீஸ். பிசி, ஸ்விட்ச் ரெண்டும் இருக்கு. பாஸ் ஃபைட் ரொம்ப சாவடிக்கக் கூடாது. ஹாலோ நைட்னு மட்டும் யாரும் வந்துடாதீங்க, ஆடியாச்சு 😅