மறு: ஹேண்ட்ஷேக்: கைகுலுக்கலா, விரற்பேச்சா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உலாவியும் (பிரவுசர்) வங்கித் தளமும் பாதுகாப்பாகப் பேசத் தொடங்குமுன் நடத்தும் ‘ஹேண்ட்ஷேக்’குக்குத் தமிழில் என்ன சொல் என்று நான்கு நாளாக ஓடும் இந்த இழையை நேற்று ராத்திரிதான் மொத்தமாக உட்கார்ந்து படித்தேன். புலவர் ஐயா, பாம்பன் டீச்சர், கீழக்கரை காக்கா (அண்ணன்) மூவரும் வெளுத்து வாங்கியிருக்கிறீர்கள். இழையைத் தொடங்கியவன் நான். ஏன் தொடங்கினேன் என்பதை அன்றைக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. அதைச் சொன்னாலே பாதி வழக்கு தீரும் என்று நினைக்கிறேன்.

நம்புதாளையில் ஓர் அண்ணன், படகு முதலாளி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறவர். டீசல், ஐஸ், கூலி எல்லாம் அவர் கணக்கில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆனால் அந்த நாட்களில்தான் அவருக்கு வங்கி வேலை அதிகம். மராமத்து, என்ஜின் வேலை, பழைய பாக்கி என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். மடிக்கணினி உப்புக்காற்றில் படுத்துவிட்டது. பரணில் கிடந்த விண்டோஸ் 7 கணினியை இறக்கித் துடைத்து, அதில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இல் வங்கிப் பக்கத்தைத் திறந்தார். திறக்கவில்லை.

அந்த வங்கியின் உதவிப் பக்கத்தில் தமிழில் ஒரு வரி: “உலாவியின் குறியாக்க அமைப்பைப் புதுப்பிக்கவும்.” நானும் யோசிக்காமல் அதே வரியை வாட்ஸப்பில் அவருக்குத் தள்ளிவிட்டேன். தப்பு அங்கேதான். அண்ணன் கணினிக்குப் புதியவர் அல்ல. 2000 வாக்கில் தமிழ்த் தளங்கள் படித்த ஆள். அப்போதெல்லாம் ஒரு தளம் திஸ்கி என்ற எழுத்துமுறையில் இருக்கும், இன்னொன்று டாப் என்ற முறையில் இருக்கும், எழுத்து தெரிய ‘வியூ’ பட்டியலுக்குப் போய் ‘என்கோடிங்’கை மாற்ற வேண்டும். அவருக்குக் குறியாக்கம் என்றால் அதுதான். நேரே அங்கே போய் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறார். வங்கி திறக்கவில்லை. அதுவரை ஒழுங்காகத் தெரிந்த தமிழ்ப் பக்கமும் கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது.

அவர் செய்ததில் பிழையே இல்லை. சொல் காட்டிய இடத்துக்குத்தான் கை போனது.

வங்கி அந்த வரியில் சொல்ல வந்தது என்கிரிப்ஷனை. ஆகவே என் முதல் வேண்டுகோள்: என்கோடிங்குக்கு (எழுத்தைக் கணினியில் குறிக்கும் முறை) குறியாக்கம், என்கிரிப்ஷனுக்கு (பிறர் படிக்க முடியாதபடி மறைப்பது) மறையாக்கம். இதை இனிமேல் கலக்க வேண்டாம். “இரண்டுக்கும் குறியாக்கம் என்றே பழகிவிட்டது, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இடம் பார்த்துப் புரிந்துகொண்டவரின் கதையைத்தான் மேலே சொன்னேன்.

இனி ஹேண்ட்ஷேக். வங்கியின் உதவி எண்ணைக் கூப்பிட்டால், “ஹேண்ட்ஷேக் ஃபெயில் ஆகுது சார்” என்று பதில். அண்ணன் என்னைக் கேட்டார்: “யாரு யாருக்குத் தம்பி கை குடுக்குறது?” அந்தக் கேள்விதான் இந்த இழை.

என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உலாவி முதலில் வங்கியின் வழங்கிக்கு (சர்வர்) ஒரு முகமன் அனுப்புகிறது: எனக்கு இந்தப் பதிப்புகள் தெரியும், இந்த மறைமுறைகள் தெரியும். வழங்கி அதில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு பதில் முகமன் சொல்லி, தன் சான்றிதழைக் காட்டுகிறது. பிறகு இரு தரப்பும் ஒரு ரகசியச் சாவியில் வந்து நிற்கின்றன. அதற்குப் பின்னால்தான் கடவுச்சொல், தொகை எல்லாம் மறையாக்கமாகிப் போகும். இந்தப் பேச்சுக்கான விதிமுறையின் பெயர் டிஎல்எஸ். எக்ஸ்ப்ளோரர் 8-க்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். வெளியே அது பேசுவது 1999-இல் வந்த டிஎல்எஸ் 1.0. டிஎல்எஸ் 1.2 வந்தது 2008-இல், 1.3 வந்தது 2018-இல். 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் இணையத் தரநிலைக் குழுவே ஓய்வுபெற்றவை என்று அறிவித்துவிட்டது. வழங்கி 1.2-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. எக்ஸ்ப்ளோரர் 1.0-க்கு மேலே ஏற மாட்டேன் என்கிறது. பேச்சு முறிந்தது, அவ்வளவுதான். (ஹெல்லோ என்ற செய்திக்கு ‘முகமன்’ என்று போட்டது டீச்சர். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சரி, அது முடிந்தது.)

இப்போது சொல்லுக்கு வருவோம்.

‘கைகுலுக்கல்’ ஏன் பிடிக்கவில்லை என்றால், நாம் கை குலுக்குவது பேச்சு முடிந்த பிறகு, அதுவும் படம் எடுப்பதற்கு. இங்கே கை சேர்வதே பேச்சுக்காக.

மன்னார் நண்பர் ‘கைச்சாத்து’ என்றார். அழகான சொல், கடலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிற சொல். ஆனால் அது கையொப்பம். இதே ஹேண்ட்ஷேக்குக்குள் டிஜிட்டல் கையொப்பம் தனியாக ஒன்று வருகிறது, இரண்டும் முட்டும். ‘கைப்பேச்சு’ என்று ஒருவர் சொன்னதை வேகமாகக் கடந்துவிடலாம். கைப்பேசி கடைக்கு ஆள் வந்து நிற்கும்.

பதிப்பு எண்களுக்குப் பாம்பன் துறைமுகத்துப் புயல் கூண்டை உவமை சொல்லலாம், இந்தக் கரையில் குழந்தைக்கும் புரியும் என்றார் இன்னொருவர். புரியும், தலைகீழாகப் புரியும். கூண்டில் எண் ஏற ஏற ஆபத்து. இங்கே எண் ஏறினால் நல்லது. மூன்றாம் எண் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் எந்தத் தாய் மகனை அனுப்புவாள்?

‘விரற்பேச்சு’ என்பது கீழக்கரை காக்கா போட்ட சொல். அவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்:

> மாட்டுத் தாவணியில் (சந்தையில்) பார்த்திருப்பீர்கள். ஊரே சுற்றி நிற்கும். இரண்டு பேர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பேசுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், என்ன பேசினார்கள் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். சங்கு, முத்து வியாபாரத்திலும் இப்படி உண்டு என்று வாப்பா சொல்வார்கள்.

இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. நம் கரையில் மீன் ஏலம் கூறுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். மறையாக்கம் இல்லாமல் இணையப் பக்கத்தை அனுப்பும் பழைய எச்டிடிபி அந்த மாதிரி. மறையாக்கத்தோடு அனுப்பும் எச்டிடிபிஎஸ் துண்டுக்குள் விரல். ஒரே ஊரில் இரண்டு வியாபார முறையும் இருக்கும்போது சொல்லைத் தேடி வெளியே போவானேன்?

மறுப்புகளுக்கு வருகிறேன். பாம்பன் டீச்சர் கேட்டது கூர்மையான கேள்வி:

> தாவணியில் விரல் பிடிப்பவர் தரகர். வாங்குபவரிடம் ஒரு விலை, விற்பவரிடம் இன்னொரு விலை. நடுவில் புகுந்து இரு பக்கமும் ஏமாற்றும் தாக்குதல் என்று எதைச் சொல்கிறோமோ, அதற்கல்லவா இது உவமை?

டீச்சர், சிரித்துவிட்டேன். உண்மைதான். அந்தத் தரகரைத் தடுக்கத்தான் சான்றிதழ் இருக்கிறது: விரல் நீட்டுகிறவர் வங்கிதானா என்று பார்த்துக்கொண்டு பிறகு பிடி. இன்னொரு வித்தியாசத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். கம்பியில் போகிற பேச்சுக்குத் துண்டே கிடையாது. 1976-இல் மறையாக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறைப்படி, இரு தரப்பும் பரிமாறும் எண்களை நடுவில் இருப்பவர் பார்க்கலாம். பார்த்தும் முடிவான சாவியைக் கணக்கிட முடியாது. அங்கே கணக்குதான் துண்டு. ஆனால் கலைச்சொல் முழு உவமையையும் சுமக்க வேண்டுமா? மவுஸை ‘சுட்டி’ என்கிறோம், அதில் எலி இல்லை, யாரும் தேடவும் இல்லை.

அப்புறம் ‘துண்டுப்பேச்சு’ என்றே வைக்கலாமே என்று கேட்டவருக்கு: டிஎல்எஸ் தகவலைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்புகிறது. அந்தத் துண்டும் இந்தத் துண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் நான் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன்.

‘விரல்பேச்சு’ என்று எளிமையாக எழுதலாமே, ற் எதற்கு என்று வந்த கேள்விக்குப் புலவர் ஐயா நூற்பாவோடு பதில் சொல்லிவிட்டார். என் பதில் சின்னது: கடற்கரையில் குடியிருக்கிறவனுக்கு விரற்பேச்சு வாயில் நுழையாதா? சைகை மொழியோடு குழம்பும் என்ற மறுப்புதான் எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. வங்கிப் பக்கத்தில் வரும்போது குழம்பாது என்று நினைக்கிறேன், அடித்துச் சொல்ல மாட்டேன்.

இந்தச் சொல்லுக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு முக்கியக் காரணம் வேறு. 1.2-இல் சாவிக்கு வர இரண்டு சுற்றுப் பேச வேண்டும், 1.3-இல் ஒரே சுற்று. இதை அண்ணனிடம் “முகமன் சொல்லும்போதே விரலையும் நீட்டிடுறான்” என்று சொன்னேன். “அப்ப நேரம் மிச்சம்” என்றார். கைகுலுக்கலை வைத்து இதை எப்படிச் சொல்வது?

அவர் கணினி என்ன ஆனது என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டீர்கள். இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, அடியில் செக்யூரிட்டி. அங்கே டிஎல்எஸ் 1.2-க்கு டிக் போட்டோம். டிஎல்எஸ்ஸுக்கு முந்தைய விதிமுறையான, 2014-இல் ஓட்டை வெளிப்பட்ட எஸ்எஸ்எல் 3.0-இன் டிக்கை எடுத்தோம். விரற்பேச்சு நடந்தது, உடனே சான்றிதழில் தகராறு. பரணில் கிடந்ததில் தாய்ப்பலகை பேட்டரி செத்து, கணினியின் தேதி பல வருஷம் பின்னால் நின்றது. அந்தத் தேதியில் வங்கியின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! பேட்டரி மாற்றித் தேதியைச் சரிசெய்து, விண்டோஸ் 7 ஏற்கும் ஃபயர்ஃபாக்ஸ் 115-ஐப் போட்டுக் கொடுத்தேன். அது தன் மறையாக்கத்தைத் தானே சுமந்து வருகிறது, விண்டோஸை நம்பி இல்லை. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைவிட்ட கணினியில் முதலாளி பணத்தை வைத்து விளையாடாதீர்கள், மடிக்கணினியைப் பழுது பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

என் கணினிக் கடைச் சுவரில் ஒட்ட எழுதியிருக்கும் வரிகள் இவை, திருத்துங்கள்:

“வங்கிப் பக்கம் திறக்கவில்லையா? முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். தேதி சரி என்றால், உங்கள் உலாவிக்கும் வங்கிக்கும் விரற்பேச்சு முறிந்திருக்கலாம். உலாவியைப் புதுப்பியுங்கள். குறியாக்கத்தை (எழுத்து) மாற்ற வேண்டாம். மாற வேண்டியது மறையாக்கம் (பாதுகாப்பு).”

‘பூட்டுப் படத்தைப் பாருங்கள்’ என்று முதலில் எழுதியிருந்தேன். குரோம் 2023-இலேயே முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது, ஆகவே அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிரிண்ட் போடப் போகிறேன். விரற்பேச்சு வேண்டாம் என்பவர்கள் அதற்குள் வேறு சொல்லோடு வாருங்கள். வெறும் மறுப்போடு வந்தால் காக்காவிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்.

தொண்டியிலிருந்து,
கணினிக் கடைத் தம்பி