மறுமொழி: மான் வாய் எட்டும் உயரம் – இதற்கு என்ன சொல்?

> 'மேய்ச்சல் கோடு' என்றே வைக்கலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா. ஆனால் மேய்ச்சல் நிலத்தின் எல்லை என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. மான் எட்டுகிற உயரம் வரை இலையே இருக்காது. அதற்கு மேல் கத்தரித்துவிட்டது போலப் பச்சை தொடங்கும். அந்தக் கோடு.

நான் மொழிபெயர்ப்பது கனடாவின் ஹைடா குவாய் தீவுகளைப் பற்றிய கட்டுரை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கருவால் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றை வேட்டையாட ஓநாயும் இல்லை, பூமா என்ற பெரும்பூனையும் இல்லை; மான்கள் பெருகிவிட்டன. சில குட்டித் தீவுகளுக்கு மட்டும் மான் போய்ச் சேரவில்லை, அதனால் ஒப்பிட முடிந்தது. மானில்லாத தீவுகளில் கீழடுக்குச் செடிகொடிகள் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருந்தன. மான் வந்து 50 ஆண்டுக்கு மேலான தீவுகளில் 10 விழுக்காடுகூட இல்லை. செடியினங்களும் 20 முதல் 50 விழுக்காடு குறைவு. ஆனால் மான் வந்து 20 ஆண்டுகூட ஆகாத தீவுகளில் இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருந்ததாம். எனக்கு இதுதான் வியப்பு. அத்தீவுகளின் பூர்வகுடிகளான ஹைடா மக்கள் தோணி குடைந்த சீடர் மரத்தின் கன்றுகள் இப்போது தலையெடுப்பதே அரிது.

> 'கொறிப்புக் கோடு'?

கொறிப்பது அணிலும் எலியும். (டீக்கடையில் நாமும்.) மான் இலையைக் கொத்தாக இழுத்துத் தின்கிறது. ஆட்டுக்கு ஒடித்துப் போடும் இலைக்கொத்தை எங்கள் பக்கம் 'குழை' என்போம். யாழ்ப்பாணத்திலும் அதே சொல்தான். ஆகவே தரையில் மேய்வது புல்மேய்ச்சல், செடியிலும் மரத்திலும் மேய்வது குழைமேய்ச்சல். கோட்டுக்கு 'வாயெட்டுக் கோடு' என்பது என் முன்மொழிவு.

> 'எட்டு' என்றால் எண் என்று நினைக்கமாட்டார்களா?

நியாயம். வீட்டிலேயே "எத்தனை வாய்?" என்று கேட்டுவிட்டார்கள். 'வாயெட்டும் கோடு' என்று ஒரு உம் போட்டால் தீர்ந்தது.

அப்புறம், இன்னொரு சொல்லும் வேண்டும். பென்சில்வேனியாக் காடுகளில் மற்றதையெல்லாம் மான் தின்று தீர்க்க, அது அவ்வளவாக வாய்வைக்காத ஒரு பெரணி தரையை மூடிக்கொண்டு மரக்கன்றுகளை நிழலிலேயே அமுக்கிவிடுகிறது. இப்படிப்பட்ட செடிகளை முதலில் 'சுவையற்ற தாவரம்' என்று எழுதியிருந்தேன். யார் நாக்குக்குச் சுவையற்றது? நம் ஆட்கள் ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை என்று எந்த வாய் ஒதுக்குகிறது என்பதையும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் 'தொடாச்செடி' அல்லது 'தின்னாச்செடி'. முதலாவது தொட்டாற்சிணுங்கியை நினைவூட்டுவதால் நான் இரண்டாவதன் பக்கம். வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.