ஓவர்கிளாக்கிங்: துடிப்பேற்றம்? அதனால் வரும் நினைவகப் பிழைக்கு என்ன சொல்?

வணக்கம்.

ஓவர்கிளாக்கிங்கை, அதாவது சில்லைக் குறித்த வேகத்தைவிட வேகமாக ஓட்டுவதை, ‘மிகைக்கடிகாரம்’ என்று எழுதினால் வினையாக வளைய மறுக்கிறது. ‘மிகைக்கடிகாரம் செய்த செலரான்’ (இன்டெலின் ஒரு செயலி) என்பது காதில் ஏறவில்லை. கிளாக் இங்கே மணி காட்டுவதில்லை, துடிப்பு விடுகிறது. அதனால் ‘துடிப்பேற்றம்’ என்கிறேன். துடிப்பேற்றிய பலகை, துடிப்பேற்றிப் பார், எதிர்ச்சொல் துடிப்பிறக்கம்: எல்லாம் இயல்பாக வருகின்றன.

அடுத்த சொல்தான் சிக்கல். 1998இல் வந்த செலரான் 300ஏ-வை எடுத்துக்கொள்வோம். பாட்டைத் துடிப்பை இத்தனை மடங்காக்கிச் செயலி ஓடும் என்று சொல்லும் பெருக்கெண் 4.5, மாற்ற முடியாது. பாட்டை (பஸ்) என்பது செயலியை நினைவகத்தோடு இணைக்கும் வழி, அதன் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். செயலி அமர்ந்திருக்கும் ஸ்லாட் 1 அட்டையின் பி21 முனையை ஒட்டுநாடாவால் மூடினால் 440பிஎக்ஸ் தாய்ப்பலகை 100 கொடுக்கும், செயலி 450இல் ஓடும். நினைவகமும் அதே பாட்டைத் துடிப்பில்தான் ஓடுகிறது. 15 நானோவினாடியாக இருந்த சுற்று 10 ஆகச் சுருங்குகிறது. சிஎல்2 (தரவு வர இரண்டு சுற்று) என்றால், தரவைத் தர 30 இருந்த இடத்தில் 20தான். அதற்குள் தரவு வராததால் ஏற்படும் பிழையைக் ‘காலப்பிழை’ என்றும், நினைவகக் கலமே பழுதானதைக் ‘கலப்பிழை’ என்றும் சொல்லலாமா?

மறு:

> காலப்பிழை, கலப்பிழை

துடிப்பேற்றம் சரி. இந்த இணை வேண்டாம். ஒரு துணைக்கால் விழுந்தால் நல்ல ரேமைத் தூக்கி எறிவார்கள். தரவு வரக் காத்திருக்கும் நேரமான லேட்டன்சியைச் ‘சுணக்கம்’ என்கிறோமே. தரவு சுணங்கியதால் வந்தது ‘சுணக்கப்பிழை’, சில்லு கெட்டதால் வந்தது ‘சில்லுப்பிழை’.

பிரித்தறியும் வழியும் உண்டு. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரி, அதே பிட் என்றால் சில்லுப்பிழை என்று சந்தேகிக்கலாம். முகவரிகள் சிதறி, சூடேற ஏற எண்ணிக்கை கூடினால் பெரும்பாலும் சுணக்கப்பிழை. பயாஸில் எஸ்பிடி அமைப்பை (ரேம் தானே சொல்லும் எண்களை) விட்டு, கையால் 3-3-3 என்று சுணக்க எண்களைக் கொடுங்கள். 100இலும் பழைய 30 நானோவினாடி திரும்பக் கிடைக்கும். பிழை நின்றால் தீர்ந்தது. நிற்காவிட்டால் ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டுப் பாருங்கள், மூன்று இருபக்க ரேம்கள் தடங்களுக்குப் பெரும் சுமை. அதற்கு முன் முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். அழுக்கு முனை இரண்டு வகையாகவும் வேடம் போடும்.

ரேம் சில்லின் முதுகில் -10 (10 நானோவினாடி) என்றிருந்தால் 100க்குப் போதும் என்று நம்பிவிடக் கூடாது. 100 மெகாஹெர்ட்ஸ் ரேமுக்கான பிசி100 தரத்துக்குப் பெரும்பாலும் -8 வேண்டும்.

மறு: மறு:

சுணக்கப்பிழைக்கு என் ஒப்புதல். ஆனால் வரையறை தளர்வாக இருக்கிறது. மெம்டெஸ்ட்86 காட்டுவதெல்லாம் ரேமின் குற்றமல்ல. 300ஏ-வில் 128 கிலோபைட் எல்2 கேஷ் (இடைநினைவகம்) செயலிக்குள்ளேயே, செயலியின் முழு வேகத்தில் ஓடுகிறது. 450இல் அது தடுமாறினாலும் திரையில் தெரிவது நினைவகப் பிழைதான். பயாஸில் எல்2-வை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள், மிக மெதுவாக ஓடும், பொறுமை வேண்டும். பிழை மறைந்தால் ரேமைத் தொடாதீர்கள். செயலி மின்னழுத்தத்தை 2.0 வோல்ட்டிலிருந்து சற்றே ஏற்றுவதோ துடிப்பிறக்குவதோதான் வழி.

ஆகவே இடத்தையும் சேர்த்தே எழுதுவோம்: ‘ரேம் சுணக்கப்பிழை’, ‘கேஷ் சுணக்கப்பிழை’. வரையறை இது: துடிப்பையோ சுணக்க எண்ணையோ தளர்த்தினால் மறைவது சுணக்கப்பிழை, குறித்த வேகத்துக்கே இறக்கி, முனைகளைத் துடைத்த பிறகும் நிற்பது சில்லுப்பிழை.