புதுப்பிப்பு: தாத்தாவின் வாள் ஜப்பான்காரனுடையது அல்ல

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தோட்ட வீட்டில், பாட்டியின் அலமாரி மேல் கிடந்த வாள் யாருடையது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஜப்பான்காரன் விட்டுப்போனது என்றே வீட்டில் சொல்லி வந்தோம்.

இல்லை. சிலர் மணல்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னீர்கள், நல்லவேளை, செய்யவில்லை. எண்ணெயும் பருத்தித் துணியுமாக மூன்று இரவு துடைத்ததும், கைக்காப்பில் கிரீடமும் ஐந்தாம் ஜார்ஜின் முத்திரையெழுத்தும் தெரிந்தன. அவர் ஆண்டது 1910 முதல் 1936 வரை. பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகளின் 1897 மாதிரி, அலகு 32.5 அங்குலம்.

முக்கியமானது அலகின் முதுகில் இருந்தது. வாள் செய்த வில்கின்சன் கம்பெனி அந்நாளில் அங்கே எண் வெட்டியது. அந்த எண்ணுக்கு நேரே, பெரும்பாலும், வாங்கியவர் பெயர் பழைய பேரேட்டில் இருக்கும். எழுதிக் கேட்டேன். 1915, ஒரு பெயர். அவர் குடும்பத்தார் இருக்கலாம் என்பதால் இங்கே போடவில்லை.

பாட்டியிடம் வாசித்தேன். தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரைத்தான் பெரிய துரை என்பார்கள்.

"பெரிய துரை பேருடா அது! ஜப்பான் வர்றான்னு கெளம்பறப்போ தாத்தாகிட்ட குடுத்துட்டுப் போனாராம்."

1941 டிசம்பர். அதன்பின் மூன்றரை ஆண்டுக்கும் மேல் ஜப்பான் ஆட்சி. வாள் எங்கே இருந்தது என்றேன்.

"தோட்டத்து ஆளுங்க இருந்த லயத்து வீட்டுக் கூரை ஓலைக்குள்ள. அதுக்குக் கீழதான் படுத்துக்குவாராம்."