பைபாஸ் ஃபேட் போட்டும் ஃபேட் இறங்கின மாடு: நேர்ல பார்த்தவங்க எழுதுங்க

தீவனக் கலவை, பரமத்தி

ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன்) கலப்பின மாடு, மூணாம் ஈத்து, ஈன்று ரெண்டு மாசம், நாளுக்கு 12 லிட்டர். கால்சியம் சோப்பு வகை பைபாஸ் ஃபேட் (முதல் இரைப்பையில கரையாம தாண்டிப் போற கொழுப்புப் பவுடர்) தினம் 150 கிராம். பால் சொசைட்டியில ஃபேட் 3.9-ல இருந்து 3.1-க்கு இறங்கிடுச்சு. பவுடர் டூப்ளிகேட்னு சொல்லி மூட்டையைக் கட்டித் திருப்பி அனுப்ப வெச்சிருந்தாங்க. ஆனா கண்ணை விட்டுப் போகாதது அந்தத் தண்ணித் தொட்டிதான். கலக்கி வெச்ச தவிட்டுத் தண்ணி மேல எண்ணெய் ஆடை கட்டி நிக்குது, விரலை விட்டு எடுத்தா முட்டி வரைக்கும் வழவழப்பு.

அந்த மாட்டுக்கு உள்ள போறதைக் கூட்டிப் பாருங்க. மில்லுல இருந்து நேரா வர்ற அரிசித் தவிடு 3 கிலோ, எண்ணெய் 15 சதவீதம்னு வெச்சா 450 கிராம். ஊறவெச்சு ஆட்டின பருத்திக்கொட்டை 1 கிலோ, அதுல 180 கிராம். செக்குக் கடலைப் பிண்ணாக்கு 1 கிலோ, 70 கிராம். வைக்கோல், பசுந்தீவனத்துல இருந்து ஒரு 140. பைபாஸ் ஃபேட்ல இருந்து 126. மொத்தம் 966 கிராம். மாடு தின்கிற உலர்பொருள் (தண்ணி நீக்கின தீவன எடை) 12 கிலோ. ஆக 8 சதவீதம் கொழுப்பு. 6 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்கணும், 7-க்கு மேல போகவே கூடாது. அதுல முக்கால்வாசிக்கு மேல பைபாஸ் ஆகாத சும்மா எண்ணெய்.

பவுடர்ல ஒரு குத்தமும் இல்லை. பச்சைத் தவிட்டை நிறுத்தி, எண்ணெய் எடுத்த தவிடு (எண்ணெய் 1 சதவீதம்தான் இருக்கும்) மாத்தி, பருத்திக்கொட்டையை ஆட்டாம முழுசா குடுக்கச் சொல்லியாச்சு. முழுக்கொட்டையில எண்ணெய் உள்ளயே இருந்து அசைபோட அசைபோட மெதுவா வெளிய வரும். ஆட்டிட்டா ஒரே வேளையில மொத்தமும் இரைப்பைக்குள்ள கொட்டும். நம்ம பக்கம் பருத்திப்பால் இல்லாம மாடு கறக்காதுன்னு ஒரு நம்பிக்கை. அதை விடச் சொல்றதுதான் பெரிய பாடு.

இப்படி வேற யாராச்சும் பார்த்திருந்தா போடுங்க.

---

கால்நடை மருத்துவர், கோபி

கணக்கு சரி. ஆனால் எண்ணெயின் அளவு மட்டும் காரணம் என்று நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அதே தவிட்டைத் தின்கிற பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஃபேட் இறங்காது. ஏன்?

ஒரு கொட்டகையில் ஆறு மாடுகள், மதியம் இரண்டு மணி, எல்லாம் படுத்திருக்கின்றன. ஒன்றுகூட அசைபோடவில்லை. ஆறும் வாயை மூடிக்கொண்டு கிடந்த அந்தக் காட்சி எந்தப் பரிசோதனை அறிக்கையையும் விடத் தெளிவானது. புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியை நெருக்கி வைத்து கோ-4 புல்லை அரை அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கியிருந்தார்கள். நார் இருந்தும் இல்லாத மாதிரி. அசை இல்லையென்றால் உமிழ்நீர் இல்லை, உமிழ்நீர் இல்லையென்றால் இரைப்பையில் அமிலம் ஏறும்.

அமிலம் ஏறும்போது இரண்டு காரியம் நடக்கிறது. முதலாவது: தவிட்டு எண்ணெயில் இருக்கும் லினோலீயிக் என்ற கொழுப்பு அமிலத்தை நுண்ணுயிர்கள் வழக்கமான வழியில் மாற்றாமல் வேறு பாதையில் திருப்பிவிடுகின்றன. அந்தப் பாதையில் டிரான்ஸ்-10, சிஸ்-12 என்ற லினோலீயிக் வகை உண்டாகிறது. மிகச் சிறிய அளவில் மடிக்குப் போனாலே போதும், மடி கொழுப்பு தயாரிப்பதைக் குறைத்துவிடும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாமன் குழுவினர் இதை நிரூபித்தார்கள். பால் அளவு அப்படியே இருக்கும், ஃபேட் மட்டும் விழும். அதுதான் இதன் அடையாளம்.

இரண்டாவது: கால்சியம் சோப்பு இரைப்பையில் கரையாமல் தப்புவது பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 6-க்கு மேல் இருக்கும்வரைதான். 5.5-க்குக் கீழே போனால் ஒரு பகுதி அங்கேயே பிரிந்துவிடும். நான்காம் வயிற்றில் பி.எச். 2, 3 இருக்குமிடத்தில் பிரிய வேண்டியது முன்னாலேயே பிரிந்தால் அது வெறும் எண்ணெய்தான். அதே கொட்டகையில் பவுடரை முந்தின நாள் புளித்த கஞ்சியில் கலக்கிக் கொடுத்தார்கள். புளித்த கஞ்சி அமிலம். பவுடரைக் கெடுக்கும் வேலை தொட்டியிலேயே தொடங்கிவிடும்.

செய்ய வேண்டியது: புல்லை ஒன்று முதல் ஒன்றரை அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். அடர்தீவனத்துக்கு முன்னால் ஒரு கை வைக்கோல் போடுங்கள். சோடா உப்பு (சமையல் சோடா) நாளுக்கு 100 முதல் 150 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. பவுடரை உலர்ந்த தீவனத்தில் பிசிறிக் கொடுங்கள். மாற்றிய மறுநாளே ஃபேட் ஏறாது. 10 முதல் 14 நாள் ஆகும். மூன்றாம் நாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று இன்னொரு மருந்து வாங்கப் போகிறார்கள், அதுதான் வருத்தம்.

---

சொசைட்டி டெஸ்டர்

டாக்டர், நீங்க இரைப்பைக்குள்ள போறதுக்கு முன்னாடி சாம்பிளைப் பாருங்க. கொண்டு வர்ற பால்லயே பாதி வம்பு இருக்கு.

ஒரு மாடு, தினம் ஃபேட் 2.8, 2.9. பைபாஸ் ஃபேட் 200 கிராம் வரைக்கும் ஏத்தியாச்சு, அசையலை. கொட்டகையில கறக்கும்போது நின்னு பார்த்தா, முதல்ல கன்னை ரெண்டு சப்பு விட்டு மடி இறங்க வெக்கறாங்க, கறக்கறாங்க, கடைசி ஒரு லிட்டர் மடியில இருக்கறப்பவே கன்னை அவுத்து விட்டுடறாங்க. கன்னுக்குட்டி வாயில நுரை வழியுது, வால் துடிக்குது. முதல்ல வர்ற பால்ல ஃபேட் 1, 2 சதவீதம்தான். கடைசிப் பால்ல 7, 8 கூட வரும். ஃபேட் எல்லாம் கன்னுக்குட்டிக்குப் போகுது, பவுடர் மேல பழி. கன்னுக்கு ஒரு காம்பை முழுசா விட்டுட்டு மத்த மூணையும் ஒட்டக் கறந்தாலே போதும்.

இன்னொண்ணு. ஃபேட் நல்லா ஏறின மாட்டுல லாக்டோமீட்டர் (பால் அடர்த்தி பார்க்கிற கருவி) ரீடிங் இறங்கும். கொழுப்பு தண்ணியை விட லேசு. எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக பால்ல இருக்கிற திடப்பொருள்) மாறாம ஃபேட் மட்டும் அரைப் புள்ளி ஏறினா ரீடிங்கும் கிட்டத்தட்ட அரைப் புள்ளி இறங்கும். அதைப் பார்த்துட்டு "தண்ணி ஊத்திட்டாங்க"ன்னு சொல்றது பாவம். ரீடிங்கையும் ஃபேட்டையும் சேர்த்துப் போட்டுத்தான் எஸ்.என்.எஃப். கணக்குப் போடணும். காலைப் பாலையும் சாயங்காலப் பாலையும் ஒப்பிடவும் கூடாது. கறவைக்கு நடுவுல நேரம் குறைஞ்சா பால் குறையும், ஃபேட் கூடும்.

---

பண்ணை மேலாளர், பொள்ளாச்சி

எல்லாரும் "பைபாஸ் ஃபேட்"னு ஒரே பேர்ல பேசறீங்க. கடையில ரெண்டு சாமான் இருக்குங்க. கால்சியம் சோப்பு ஒண்ணு: கொழுப்பு 84, கால்சியம் 9 சதவீதம். அந்தக் கொழுப்புல பால்மிடிக், ஓலீயிக்னு ரெண்டு கொழுப்பு அமிலம் முக்கியம்: பால்மிடிக் 45, ஓலீயிக் 35 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. இன்னொண்ணு குருணை மாதிரி வர்ற பால்மிடிக்: கொழுப்பு 98, 99 சதவீதம், கால்சியம் கிடையாது. பால்மிடிக் பெரும்பாலும் மடிக்குப் போகும், ஃபேட் டெஸ்ட்டை 0.2, 0.3 ஏத்தும். ஓலீயிக் உடம்புக்குப் போகும், மத்த கொழுப்பு சீரணமாகவும் உதவும்.

ஈன்ற மூணாம் வாரத்துல இருந்த மாடுகளுக்குக் குருணையை மட்டும் 300 கிராம் போட்ட ஒரு பண்ணை. ஃபேட் 4.6. முதலாளிக்குச் சந்தோஷம். பின்னாடி போய் நின்னு பார்த்தா வால் அடியில ரெண்டு பக்கமும் கை அமுங்கற குழி, இடுப்பெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. உடம்புல இருந்த கொழுப்பையும் சேர்த்து மாடு பால்ல விட்டுக்கிட்டிருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணும் பருவத்துக்கு வரலை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலயும் இதேதான்: ஈன்ற புதுசுல பால்மிடிக் மட்டும் குடுத்தா பால், ஃபேட் ஏறும், உடம்பு இறங்கும். பால்மிடிக் 60, ஓலீயிக் 30 மாதிரி கலவை குடுத்தா உடம்பு அவ்வளவா விடாது. புதுசா ஈன்ற மாட்டுக்கு கால்சியம் சோப்பு, 100 நாளுக்கு மேல போய் உடம்பு தேறின மாட்டுக்கு குருணை. அதுதான் முறை.

வாங்கறவங்களுக்கு நாலு வார்த்தை. யாரும் கேக்கலை, ஆனா சொல்லாம போக மனசு வரலை. கிலோ விலையைப் பார்க்காதீங்க, கொழுப்பு விலையைப் பாருங்க. 84 சதவீதத்துக்கு 150 ரூபாய்னா கொழுப்பு கிலோ 179 ரூபாய். 60 சதவீதத்தை 120-க்கு வாங்கினா கொழுப்பு 200 ரூபாய், மலிவுன்னு நினைச்சதுதான் விலை அதிகம். கொழுப்பு 84 போட்டு கால்சியம் 6-க்குக் கீழ போட்டிருந்தா அத்தனை கொழுப்பையும் பிடிச்சு வெக்க கால்சியம் பத்தாது. மிச்சம் சும்மா எண்ணெய், பைபாஸ் ஆகாது. ஒரு டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்க: நல்ல சோப்பு நனையாம பெரும்பாலும் மேல மிதக்கும், அடியில வெள்ளையா மாவு படிஞ்சா கல்தூள். அந்தப் படிவுல வினிகர் விட்டு நுரைச்சுப் பொங்கினா சுண்ணாம்புக்கல் பவுடர் கலந்திருக்காங்க. உள்ளங்கையில தேய்ச்சு மோந்து பாருங்க: லேசா சோப்பு வாசனை இருக்கலாம், கெட்டுப்போன எண்ணெய் நாத்தம் கூடாது. மூட்டையைச் சுவர்ல சாய்க்காம பலகை மேல வெச்சு வாயைக் கட்டி வைங்க. குருணையைச் சூடான கஞ்சியில கொட்டாதீங்க. பால்மிடிக் 63 டிகிரியில உருகிடும். ஆறினதும் அண்டா விளிம்பைச் சுத்தி மெழுகு வளையமா ஒட்டிக்கும், மாட்டுக்கு ஒண்ணும் போகாது. முதல் நாளே 150 போட்டா மாடு மோந்துட்டுத் தலையைத் திருப்பிக்கும். 50-ல ஆரம்பிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல ஏத்துங்க, வெல்லம் கொஞ்சம் தூவலாம்.

---

தீவனக் கலவை, பரமத்தி

பொள்ளாச்சி அண்ணா சொன்னது அத்தனையும் சரி. ஆனா எஸ்.என்.எஃப். ஏறுமான்னு யாரும் சொல்லலை. பைபாஸ் ஃபேட்டுக்கு எஸ்.என்.எஃப். ஏறாதுங்க. புரதம் 0.1 வரைக்கும் இறங்கக்கூட செய்யும், ஏன்னா இரைப்பை நுண்ணுயிருக்குக் கொழுப்பு சாப்பாடே இல்லை. எஸ்.என்.எஃப். வேணும்னா மக்காச்சோளமும் நல்ல புரதமும்தான் வழி.

---

கறவை நண்பன், தாராபுரம்

ஈனறதுக்கு 10 நாள் முன்னாடி ஆரம்பிச்சு ஈன்ற பின்னாடி 90 நாள் வரைக்கும் குடுக்கணும்னுதான் எல்லா இடத்துலயும் சொல்றாங்க. டாக்டர் முன்னாடி குடுக்கறது பத்தி ஒண்ணுமே சொல்லலையே?

மறக்க முடியாத ஒண்ணு: ஈன்ற பத்தாம் நாள், தீவனம் தொடாத மாடு, வாயைத் திறந்தா நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பு வாசனை. தெம்பு வரட்டும்னு பைபாஸ் ஃபேட்டை 250 கிராம் உருண்டை பிடிச்சு வாயில திணிச்சுக்கிட்டிருந்தாங்க. மாடு முழுங்காம ரெண்டு கடைவாய்லயும் வெள்ளையா வழிய விட்டுக்கிட்டு நிக்குது.

---

கால்நடை மருத்துவர், கோபி

அது கீட்டோசிஸ், தம்பி. அந்த மாட்டுக்கு இரத்தத்தில் கொழுப்பு ஏற்கெனவே மிதக்கிறது, குறைவது குளுக்கோஸ். கொழுப்பு அமிலத்திலிருந்து மாட்டால் குளுக்கோஸ் செய்ய முடியாது. எரிகிறதில் இன்னும் விறகு வைத்த கதைதான். கொடுக்க வேண்டியது புரோப்பிலீன் கிளைக்கால் 300 மில்லி, நாளுக்கு ஒரு முறை, மூன்று முதல் ஐந்து நாள். மாட்டின் தலையை அண்ணாந்து தூக்காமல், புரையேறாமல் மெதுவாக ஊற்ற வேண்டும். எழவே முடியாத நிலையென்றால் மருத்துவரைக் கூப்பிட்டு குளுக்கோஸ் நரம்பில் ஏற்ற வேண்டும். தீவனம் எடுக்கத் தொடங்கிய பிறகே பவுடர்.

ஈனுவதற்கு முன் கொடுப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 150 கிராம் கால்சியம் சோப்பில் 13.5 கிராம் கால்சியம் உள்ளே போகிறது. ஈனும் முன் கால்சியம் தாராளமாகக் கிடைத்தால் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் பழக்கம் மாட்டின் உடலுக்கு வராது. ஈன்றதும் பால் காய்ச்சலில் (இரத்தத்தில் கால்சியம் இறங்கும் நோய்) படுத்துவிடக்கூடும். ஐந்தாம் ஈத்து ஜெர்சி கிராஸாக இருந்தால் இன்னும் ஆபத்து. கடைசி மூன்று வாரம் தீவனம் எடுப்பதும் தானாகவே குறையும், கொழுப்பு அதை மேலும் குறைக்கும். சுவை பழக்க 50 கிராம் போதும். முழு அளவு, ஈன்று நன்றாகத் தின்னத் தொடங்கியதும்.

---

கறவை நண்பன், தாராபுரம்

சரிங்க டாக்டர். ஒரு கம்பெனி ஆள் 150 கிராமுக்கு 3 லிட்டர் ஏறும்னு சொல்றார். நடக்குமா? 6 லிட்டர் கறக்கற நாட்டு கிராஸுக்குப் போடலாமா?

---

தீவனக் கலவை, பரமத்தி

சக்திக் கணக்குப் போட்டா தெரிஞ்சிடும். 150 கிராம் கால்சியம் சோப்புல இருந்து மாட்டுக்குப் பால் கறக்கக் கிடைக்கிறது ஏறக்குறைய 0.75 மெகா கலோரி. 4 சதவீத ஃபேட் இருக்கிற ஒரு லிட்டர் பாலுக்குத் தேவையும் அவ்வளவுதான். மொத்தமும் மடிக்கே போனாலும் ஒரு லிட்டர். 3 லிட்டர் ஏறுச்சுன்னா கூடவே வேற தீவனமும் மாறியிருக்கு. கிலோ 150 ரூபாய்னா நாளுக்கு 22.50 செலவு, பால் 35 ரூபாய்க்கு விக்கிறவங்களுக்கு முக்கால் லிட்டர் ஏறினாத்தான் மிச்சம்.

6 லிட்டர் மாட்டுக்கு வேண்டாம்ங்க. அது கேக்கற சக்தியை அரைக் கிலோ மக்காச்சோள மாவுலயே குடுத்துடலாம். 10 லிட்டருக்கு மேல கறக்கற மாட்டுக்கு லிட்டருக்கு 15 கிராம்னு போடுங்க. கோடையில ஏப்ரல், மே மாசம் மாடு தின்கிறது குறையறப்ப இதுக்கு நல்ல பலன் உண்டு, சீரணிக்கும்போது நாரை விட சூடு கம்மி. சினை நின்னு, உடம்பு தேறி, பால் 10-க்குக் கீழ வந்ததும் பத்து நாள்ல படிப்படியா குறைச்சு நிறுத்திடலாம். ஒரே நாள்ல வெட்டாதீங்க, பால் சட்டுன்னு இறங்கும்.