‘அங்கவை’ பெயருக்குப் பொருள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில். பெண் குழந்தைக்கு ‘அங்கவை’ என்று பெயர் வைக்க முடிவு செய்திருக்கிறோம். பாரியின் மகள் பெயர் என்பது தெரியும். பொருள்தான் பிடிபடவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை என்பதால் அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் எல்லாரும் 2007இல் வந்த ‘சிவாஜி’ படக் காமெடியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், மாமியார் உட்பட!

புறநானூறு 112ஆம் பாட்டைப் பார்த்தேன். ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்’ என்று தொடங்கும் அந்தப் பாட்டைப் பாடியவர்கள் ‘பாரி மகளிர்’ என்று மட்டுமே இருக்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் ஔவை திருக்கோவலூரில் திருமணம் செய்துவைத்த கதையோடு வருகின்றன, அது பிற்காலத்தது. அங்கம், அவை என்று பிரித்தால் உடம்பும் சபையும் ஒட்டவே இல்லை. தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் ‘அழகிய அங்கம் உடையவள்’ என்றார். எனக்கென்னவோ அது சமாளிப்பாகத்தான் பட்டது. குழந்தைப் பெயர்த் தளங்களில் ஆளுக்கொரு பொருள், கூடவே ராசி எண். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

கேள்வி இதுதான்: ‘அங்கவை’ எந்த வேர்ச்சொல்லிலிருந்து வந்தது, அதற்கு ஆதாரமாகக் காட்டக்கூடிய நூல் எது?