ஆளை வேலையிலிருந்து நிறுத்தியது எப்படி? கடைக்காரர்களின் அனுபவங்கள்

ஈரோடு, எலெக்ட்ரிக்கல் கடை:

போன வாரம் ஒரு தம்பி, "ஆளை நாளைக்கே நிறுத்திவிடலாமா?" என்று கேட்டிருந்தார். நிறுத்தலாம், ஆனால் வாயால் நிறுத்தாதீர்கள். எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒயர் ஒரு காயில், அதாவது ஒரு சுருள், 90 மீட்டர். வேண்டுகிறவர்களுக்கு மீட்டர் கணக்கில் வெட்டியும் கொடுப்போம். இருப்பு எடுத்தால் வெட்டிய காயில்களில் மட்டும் கணக்கு குறைந்தது. பில் போட்ட மீட்டரையும் மிச்சம் இருந்த ஒயரையும் கூட்டினால் 90 வரவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் நாலு வருடப் பழக்கம். எலெக்ட்ரீஷியன்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் கடைக்கே வருவார்கள். கேமராவைப் போட்டுப் பார்த்தோம். வெட்டிக் கொடுக்கிறார், காசு வாங்குகிறார், பில் இல்லை, காசு கல்லாவுக்கும் போகவில்லை.

என் தம்பி அன்றைக்கே துரத்தச் சொன்னான். ஆடிட்டர் தடுத்தார். 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம். ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியத்தை எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் அனுப்பி, அவர் மேல்முறையீட்டுக்குப் போனால் காட்ட நம் கையில் ஒரு காகிதம் இருக்காது.

எந்தத் தேதி, எந்தக் காயில், எத்தனை மீட்டர் என்று எழுதி, விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தோம். வாங்க மறுத்தார், வீட்டு முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீலை உட்கார வைத்தோம். முதலாளியே குற்றம் சாட்டி முதலாளியே தீர்ப்பும் சொன்னால் அதற்குப் பெயர் விசாரணை இல்லை. கேமரா பதிவை அவருக்கும் போட்டுக் காட்டினோம், என்னை அவர் குறுக்குக் கேள்வி கேட்கவும் விட்டோம். "பையன் ஃபீஸ் கட்டணும்ணே" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனாலும் நிறுத்தினோம். வேலை பார்த்த நாள்களுக்கான சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட்டோம். போலீசுக்குப் போகவில்லை, அது என் சொந்த முடிவு.

கும்பகோணம், மெஸ்:

அண்ணா, எங்களுக்குத் திருட்டு இல்லை, அட்வான்ஸ்தான் பிரச்சினை. பரோட்டா மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் வாங்குவார், திங்கள்கிழமை போன் ஸ்விட்ச் ஆஃப். பிசைந்த மாவு கிடக்கும், கூட்டம் வாசலில் நிற்கும். சம்பளத்தில் அபராதம் போடு என்று எல்லாரும் சொன்னார்கள். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது வேறு, அபராதம் வேறு. அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, விளக்கம் கேட்காமலும் போடக்கூடாது. அதனால் மெமோ மட்டும் கொடுத்தேன். இனி அட்வான்ஸ் கிடையாது, சம்பளம் வாராவாரம், லீவு வேண்டுமானால் சனிக்கிழமையே சொல்ல வேண்டும் என்றேன். இரண்டாவது மெமோவுக்கு அப்புறம் திங்கள் லீவு நின்றது. இப்போது உதவிக்கு இருக்கிற பையனுக்கும் பரோட்டா வீசக் கற்றுக்கொடுக்கிறார்.

ஈரோடு, எலெக்ட்ரிக்கல் கடை:

நல்லதும்மா. இரண்டு மெமோவின் நகலிலும் அவர் கையெழுத்து இருக்கட்டும். கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும். கண்ணில் பட்ட அன்றைக்கே பென் டிரைவில் தனியாக எடுத்து வையுங்கள்.